நீங்கள் எழுதாத உயில்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்த பிறகுதான் அந்த நீல ரெக்ஸின் பை வெளியே வந்தது. கூடத்துப் பாயில் கவிழ்த்துக் கொட்டினார்கள். கேஸ் இணைப்புப் புத்தகம், என்றோ உடைந்துபோன மிக்ஸியின் வாரண்டி அட்டை, மூன்று வங்கிகளின் பாஸ்புக், ரப்பர் பேண்ட் போட்ட எல்.ஐ.சி. ரசீதுகள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, நான்காக மடித்த அடகுக்கடைச் சீட்டு ஒன்று. எந்த நகையை எப்போது வைத்தார் என்பது அண்ணிக்கே அன்றுதான் தெரிந்தது. ஃபிளாட் பத்திரம் மட்டும் இல்லை. “லோன் குடுத்த பேங்க்ல இருக்கும்” என்றார் ஒருவர். எந்தக் கிளையில் என்று யாருக்கும் தெரியவில்லை.

இறந்தவர் எனக்குப் பெரியம்மா மகன். கோவையில் பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. வயது 46. இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், தவணை பாக்கியுள்ள ஒரு ஃபிளாட். உயில் எழுதிவைக்கவில்லை. 46 வயதில் யார் எழுதுகிறார்கள்?

தவணை கட்ட வழியில்லாததால் ஃபிளாட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, மிச்சப் பணத்தில் சிறிய வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணி முடிவெடுத்தார். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணையெல்லாம் முடிந்து தாசில்தார் கையெழுத்துடன் வாரிசுச் சான்றிதழ் வந்தது. அதில் நான்கு பெயர்கள்: மனைவி, மகன், மகள், தாயார்.

“அத்தைக்கும் பங்கு உண்டா?” என்று கேட்டார் அண்ணி. கேட்டதில் கசப்பு இல்லை, திகைப்புதான். உண்டு. இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல்நிலை வாரிசுகள். ஆளுக்குச் சம பங்கு. (தந்தை இரண்டாம் நிலை. முதல்நிலையில் ஒருவர் இருந்தாலும் அவருக்கு ஒன்றும் கிடையாது. இதைக் கேட்டு முகம் சுண்டிய அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.) ஆக, ஃபிளாட்டில் கால் பங்கு பெரியம்மாவுக்கு. அவருக்கு அதில் ஆசை இல்லை. “எங்க கையெழுத்து போடணும்னு சொல்லு, போட்டுர்றேன்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் பிள்ளைகள் இருவரும் மைனர். மைனரின் பங்கை விற்க இயற்கைக் காப்பாளரான தாய்க்கே நீதிமன்ற அனுமதி வேண்டும். வழக்கறிஞர் மனு போட்டார், வாய்தா நகர்ந்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில் பதிவு செய்துகொள்ளலாம் என்று பெரியம்மாவின் விடுதலைப் பத்திரத்தைத் தள்ளிப்போட்டார்கள். மகன் போன பதினான்காம் மாதம், 75 வயதில், பெரியம்மாவும் போய்விட்டார்.

அவருடைய கால் பங்கு இப்போது யாருக்கு? அவர் பெற்ற நான்கு பிள்ளைகளுக்கு. இறந்த மகனின் பங்கு அவன் பிள்ளைகளுக்குப் போகும். மிச்ச மூவருக்கும் ஆளுக்குப் பதினாறில் ஒன்று. அந்த ஃபிளாட்டுக்கு ஒரு செங்கல்கூட எடுத்துக் கொடுக்காத மூன்று பேர் சட்டப்படி பங்காளிகள் ஆனார்கள். ஒருவர் மஸ்கட்டில் இருக்கிறார். அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்ப வேண்டும். ஒருவர் உடனே வந்து கையெழுத்திட்டார். மூன்றாமவர் மகள். அவருடைய கணவர் ஒரு வாக்கியம் சொன்னார்: “சும்மா எப்படி எழுதிக் குடுக்குறது?”

அந்தக் குடும்பத்தில் கெட்டவர்கள் யாரும் இல்லை. அந்த வாக்கியத்தைச் சொன்னவர்கூட, அண்ணன் இறந்த அன்று ஆம்புலன்ஸ் பின்னாலேயே பைக்கில் வந்தவர். கடைசியில் ஒரு தொகை கொடுத்து முடித்தார்கள். விற்பனை முடிய இரண்டரை வருடம் ஆனது. அதுவரை ஏறிய வட்டி, போன கல்யாணப் பத்திரிகை, வராத உறவு இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது.

அண்ணன் ஒரு வெள்ளைத் தாளில் “என் ஃபிளாட் என் மனைவிக்கு” என்று எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. மைனர் அனுமதி, விடுதலைப் பத்திரம், மஸ்கட் பவர் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

சட்டம் எழுதிவைத்தது

உயில் எழுதாவிட்டால் சொத்து அநாதையாக நிற்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். ‘எப்படியும் பொண்டாட்டி பிள்ளைக்குத்தானே போகும்’ என்று சிலர். இரண்டும் தவறு. நீங்கள் எழுதாத உயிலை 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்காக எழுதிவைத்திருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமும், இஸ்லாமியர்களுக்கு ஷரியத்தும் அதைச் செய்கின்றன. அவற்றுக்கு உங்கள் வீட்டு நிலவரம் தெரியாது. கடைசிக் காலத்தில் கூட இருந்து மலம் அள்ளிய மகளும், பத்து வருடம் எட்டிப் பார்க்காத மகனும் அவற்றின் கண்ணுக்கு ஒன்றுதான். முறைப்படி தத்தெடுக்காமல் தூக்கி வளர்த்த பிள்ளை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

தமிழ்நாட்டுக்கு இதைவிடத் தெரிந்த உதாரணம் வேண்டுமென்றால் போயஸ் தோட்டத்துக்குப் போக வேண்டும். 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்தபோது, ஒரு மாநிலத்தின் கோப்புகளை எல்லாம் கையெழுத்திட்டு நகர்த்தியவர் தன் சொந்த வீட்டுக்கு ஒரு தாள் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. வேதா நிலையம் யாருக்கு என்ற கேள்வி நீதிமன்றம் போனது. அண்ணன் பிள்ளைகளான தீபாவும் தீபக்கும்தான் சட்டப்படி வாரிசுகள் என்று 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இடையில் அரசு அதை நினைவு இல்லமாக்கக் கையகப்படுத்தியது. 2021 நவம்பரில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. டிசம்பரில் சாவி தீபா கைக்கு வந்தது. ஐந்து வருடம். அவர் அந்த வீட்டை நினைவு இல்லமாக்க விரும்பினாரா, அண்ணன் பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்பினாரா, இரண்டுமே வேண்டாம் என்றிருந்தாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவருடைய தலைவர் எம்.ஜி.ஆர். உயில் எழுதிவைத்தவர். ராமாவரம் தோட்டத்தில் காது கேளாத, வாய் பேச இயலாத பிள்ளைகளுக்குப் பள்ளி, தியாகராய நகர் ஆற்காடு தெரு வீடு நினைவு இல்லம் என்று அதில் இருந்தது, இரண்டும் நடந்தன. உயில் இருந்தும் அதன் நிர்வாகம் பற்றி வழக்குகள் வரத்தான் செய்தன. எழுதிவிட்டால் வழக்கே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அவர் என்ன விரும்பினார் என்று யாரும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பெண் பெயரில் வீடு, யார் பெயரில் வாரிசு?

நம்மூரில் வீட்டை மனைவி பெயரில் பதிவு செய்யும் பழக்கம் கூடிக்கொண்டிருக்கிறது. 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை என்று தமிழக அரசு 2025 ஏப்ரல் முதல் கொடுக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அந்தப் பெண்கள் உயில் எழுதுகிறார்களா? நான் விசாரித்த ஆவண எழுத்தர்கள் சிரித்தார்கள். “ஆம்பளைங்களே வர்றதில்ல சார், இதுல அம்மாங்க எங்க” என்றார் ஒருவர்.

எழுத வேண்டியவர்கள் முதலில் அவர்கள்தான். காரணம், இந்துப் பெண்ணின் சொத்துக்குச் சட்டம் வகுத்த வரிசை ஆணுடையதைப் போன்றதில்லை. முதலில் கணவரும் பிள்ளைகளும். அவர்கள் யாரும் இல்லையென்றால் அடுத்து கணவரின் வாரிசுகள். அதற்குப் பிறகுதான் பெற்ற தாய் தகப்பன். பெற்றோர் வழி வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லாவிட்டால், தகப்பன் வீட்டுப் பக்கம் திரும்பும். சொந்தமாகச் சம்பாதித்ததற்கு அந்த விலக்கு இல்லை.

2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று. 1955இல் கல்யாணமான ஒரு பெண். மூன்று மாதத்துக்குள் கணவர் பாம்பு கடித்து இறந்துவிட்டார். புகுந்த வீட்டில் துரத்திவிட்டார்கள். பெற்றோர் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார், 1996இல் இறந்தார். வங்கிச் சேமிப்பும் பி.எஃப். பணமும் இருந்தன, உயில் இல்லை. நீதிமன்றம் அனுதாபப்பட்டது. ஆனாலும் அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை வாசிக்க முடியாது என்று சொல்லி, அந்தப் பணத்தைக் கணவரின் சகோதரி பிள்ளைகளுக்கே கொடுத்தது. நாற்பது வருடம் எட்டிப் பார்க்காத வீட்டுக்குப் போனது, ஒரு பெண் தனியாளாகச் சம்பாதித்த காசு. படித்து முடித்ததும் எனக்கு வந்த கோபம் நீதிபதிகள் மேல் இல்லை. அந்தப் பெண் வேலை பார்த்த இடத்தில் கூட இருந்த ஒருவர்கூட அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றுதான்.

மகள்களின் உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாடு 1989 மார்ச்சிலேயே சட்டம் திருத்தியது; கல்யாணமாகாத மகள்களுக்கு மட்டும். 2005இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. அப்போது தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல், “பொண்ணுங்களுக்குச் சீர் செஞ்சாச்சு” என்று மொத்த நிலத்தையும் மகன்களுக்கு உயில் எழுதும் தகப்பன்கள் இன்னும் இருக்கிறார்கள். பூர்விகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் நீங்கள் எழுத முடியும். அடுத்தவர் பங்கை எழுதினால் அது வழக்குக்கு வைத்த பிள்ளையார் சுழி.

நாமினி என்றால் முதலாளி இல்லை

“எல்லாத்துக்கும் நாமினி போட்டுட்டேன்” என்பது அடுத்த சமாதானம். என் அண்ணனும் போட்டிருந்தார், கல்யாணத்துக்கு முன்னால். சம்பளக் கணக்குக்கு நாமினி அவர் அம்மா. பிறகு மாற்ற மறந்துவிட்டார். நம்மில் எத்தனை பேர் மாற்றியிருக்கிறோம்?

வங்கி நாமினி பணத்தைக் கையில் வாங்கும் உரிமையுள்ளவர், அவ்வளவுதான். வாங்கியதை வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பாளர். ஷேர் விஷயத்திலும் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாக்கினால் பணம் அவர்களுக்கே சொந்தம். ஆகவே நாமினியும் உயிலும் ஒரே ஆளைக் காட்ட வேண்டும். அல்லது, ஏன் வேறு வேறாக இருக்கிறது என்று உயிலிலேயே ஒரு வரி எழுத வேண்டும். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம் என்பதால், பழைய படிவத்தைத் தூசு தட்ட இது நல்ல சாக்கு.

நாமினியும் இல்லை, கணக்கு இருப்பதே வீட்டுக்குத் தெரியாது என்றால்? பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட்டை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்பிவிடும். 2024 மார்ச் இறுதியில் அங்கே சேர்ந்திருந்த தொகை 78,213 கோடி ரூபாய். உரியவர்கள் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம்; தேடுவதற்கு ‘உத்கம்’ என்ற இணையதளத்தை 2023இல் ரிசர்வ் வங்கி தொடங்கியது. அவ்வளவு பெரிய தொகையில் மகள் கல்யாணத்துக்கென்று மனைவிக்குத் தெரியாமல் போட்டுவைத்த டெபாசிட்டுகள் எத்தனை இருக்கும் என்று நினைத்தால் வயிறு என்னவோ செய்கிறது.

செட்டில்மென்ட்டா, உயிலா?

சார்பதிவாளர் அலுவலக வாசலில் அதிகம் நடப்பது தான செட்டில்மென்ட். உயிரோடு இருக்கும்போதே பிள்ளை பெயருக்கு எழுதிக்கொடுத்துவிடுவது. செலவு குறைவு, அங்கேயே முடிந்துவிடும், பிள்ளையும் சந்தோஷப்படுவான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பதிவான அந்த நிமிடமே வீடு உங்களுடையது இல்லை; மனம் மாறினால் நீங்களாக ரத்து செய்யவும் முடியாது. உயிலோ நீங்கள் கண்மூடிய பிறகுதான் பேசத் தொடங்கும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் கிழித்துப் போட்டு மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியது செல்லும்.

செட்டில்மென்ட்தான் என்று முடிவு செய்துவிட்டால், ‘என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்பதையும், ‘என் ஆயுள்வரை இந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை எனக்கு’ என்பதையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, பராமரிப்பதாக ஒப்புக்கொண்டு சொத்தை வாங்கியவர் கைவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், மகனுக்குத் தாய் எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்து வீட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தது. தீர்ப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உச்ச நீதிமன்றம்வரை போக எத்தனை தாய்களால் முடியும்?

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள் என்றே சொல்வேன். பிற்பாடு, ‘இது அவர் கையெழுத்தே இல்லை’ என்று கிளம்புகிறவர்களுக்குக் கொஞ்சம் கடிவாளம். நடமாட முடியாதவர் என்றால் சார்பதிவாளரே வீட்டுக்கு வருவார். என்ன எழுதினோம் என்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள், உயிலை உறையில் இட்டு அரக்கு வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம்.

முக்கியம் சாட்சிகள். இரண்டு பேர், நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்தவர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்கள் படிக்க வேண்டியதில்லை. பின்னாளில் நீதிமன்றத்தில் உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது கூண்டில் ஏற வேண்டியிருக்கும். ஆகவே உங்களைவிட வயதில் சிறியவர்களாக, ஊரில் இருப்பவர்களாகப் பாருங்கள். சொத்து பெறுகிறவர் சாட்சியாகக் கூடாது. கிறிஸ்தவர்களுக்கு அப்படிச் செய்தால் அந்தச் சாட்சிக்கு எழுதியதே செல்லாது. இந்துக்களுக்கு அந்த விதி இல்லையென்றாலும் சந்தேகத்தை ஏன் நாமே விதைக்க வேண்டும்? கிறிஸ்தவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். இஸ்லாமியர்கள், கடனும் அடக்கச் செலவும் போக மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் உயில் எழுத முடியும். வாரிசுகளில் ஒருவருக்கு எழுதுவதென்றால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

மன வளர்ச்சி குன்றிய பிள்ளையோ ஆட்டிசம் உள்ள பிள்ளையோ இருக்கும் வீட்டில் இது தள்ளிப்போடக்கூடிய வேலையே இல்லை. 18 வயது முடிந்ததும் பெற்றோரின் இயற்கைக் காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுவிடம் மனு கொடுத்துச் சட்டக் காப்பாளரை நியமித்துக்கொள்ள வேண்டும். சொத்தை அந்தப் பிள்ளை பெயரில் நேரடியாக எழுதாமல் டிரஸ்டாக வைப்பது நல்லது. ‘எனக்குப் பிறகு யார்?’ என்ற கேள்வியோடு தினமும் தூங்கப் போகிற அந்த அம்மாக்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. அவர்களைச் சுற்றியிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

உயிலைவிட எளிதான ஒன்று உண்டு, அதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம்: ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்த வங்கி, எந்தக் கிளை, லாக்கர் சாவி எங்கே, மூலப்பத்திரம் எங்கே, பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா, சீட்டுக் கட்டுகிற இடம், கைமாற்றாகக் கொடுத்தது, வாங்கியது, யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டது, அடகு நகை. கடனை மறைக்காதீர்கள். உங்கள் கடனுக்கு உங்களிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. ஆனால் இது தெரியாமல் பயந்துபோய்க் கைக்காசைக் கொடுத்தவர்கள் ஏராளம்.

அப்பாவிடம் எப்படிக் கேட்பது?

இதுதான் உண்மையான சிக்கல். என் அப்பாவுக்கு 78. மன்னார்குடி பக்கம் சொந்தமாகக் கட்டிய ஒரு வீடு, கொஞ்சம் நிலம். நாங்கள் மூன்று பேர்: நான், இரண்டு தங்கைகள். ஒரு தடவை பேச்செடுத்தேன். “என்னை எப்ப போகச் சொல்ற?” என்றார். அதோடு அந்தப் பொங்கலே போய்விட்டது.

அண்ணன் விவகாரம் முடிந்ததும் நான் வேறு வழி பார்த்தேன். முதலில் என் உயிலை எழுதினேன். இரண்டு பக்கம். எல்லாம் மனைவிக்கு, அவள் எனக்கு முன் போனால் பிள்ளைகளுக்கு. ஊருக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் சாட்சிக் கையெழுத்து கேட்டேன். 78 வயதுக்காரரைச் சாட்சியாகப் போடுவது மடத்தனம் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். நோக்கம் வேறு. (பிற்பாடு அதைக் கிழித்துவிட்டு, வயதில் இளைய இருவரை வைத்துப் புதிதாக எழுதிக்கொண்டேன்.)

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். “உனக்கு இப்ப என்னடா வந்துச்சு?” என்றார். ஒன்றும் வரவில்லை என்றேன். கையெழுத்திட்டார். இரண்டு நாள் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை காபி டம்ளரை வைத்துவிட்டு, “ரெண்டு வெள்ளப் பேப்பர் குடு” என்றார்.

எதிர்வீட்டு வாத்தியாரும் உரக்கடைத் தம்பியும் சாட்சிக்கு வந்திருந்தார்கள். வீட்டை அம்மாவுக்கு என்று மூன்று வரியில் முடித்தார். நிலத்தில் தன் பங்கை மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக என்று இன்னும் இரண்டு வரி. பேனாவை மூடுவார் என்று பார்த்தோம். மூடவில்லை. பரணைப் பார்த்தார். அங்கே எங்கள் பாட்டியின் பித்தளை அண்டா இருக்கிறது. நூறு பேருக்குச் சோறு வடிக்கலாம், இப்போது யார் வீட்டிலும் அதை வைக்க இடம் இல்லை. அதை எந்தத் தங்கைக்கு எழுதுவது என்று அரை மணி நேரம் யோசித்தார். வாத்தியார் இரண்டாவது காபியும் குடித்துவிட்டார். கடைசியில் அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்: “அது எங்க அம்மா சீரு. நான் எழுதிக்கிறேன், நீங்க மேல போங்க.”